அறுநூறுக்குள் ஓர் ஊர்

நூலகத்தில் காலம் தள்ளியவனுக்குச் சொந்த ஊர்கூட எண்ணாகத்தான் ஞாபகத்துக்கு வரும். பொங்கலூர் முழுக்க 600க்குள் அடங்கிவிடும். பருத்தி 633.51. தென்னை 634.61. சின்ன வெங்காயம் 635.25. கறிக்கோழி 636.5. சாயம் 667. நூலும் துணியும் 677. மெல்வில் டியூவி என்ற அமெரிக்கர் 1876இல் உலகத்து அறிவையெல்லாம் பத்துக் கூறு போட்டபோது விவசாயம், வைத்தியம், தொழில் எல்லாவற்றையும் 600இல் கொண்டுபோய் வைத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை செய்வது அத்தனையும் அதற்குள் வந்துவிட்டது. மாரியம்மன் நோம்பிக்கும் கும்மிக்கும் மட்டும் வேறு அலமாரிக்குப் போக வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். குடியிருப்பு பொங்கலூரிலேயே. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் வந்தது. அப்போது நாங்கள் கோவை மாவட்டம், பல்லடம் வட்டம். கோயம்புத்தூர்க்காரர்கள் திருச்சி ரோடு என்று சொல்லும் அதே ரோட்டில் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சூலூர், காரணம்பேட்டை, பல்லடம் எல்லாம் தாண்டினால் எங்கள் ஊர். எங்களையும் தாண்டினால் அவிநாசிபாளையம், காங்கயம். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். காரணம்பேட்டையில் கல்குவாரித் தூசி பல்லில் நறநறக்கும். பல்லடத்தில் தறிச் சத்தம். அதைத் தாண்டியதும் கோழித் தீவன வாசனை வந்தால் இறங்குவதற்கு எழுந்து நிற்க வேண்டும்.

ஊரில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களின் முகம் பி.ஏ.பி. தண்ணீரைப் பொறுத்து மாறும். பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எங்கள் மண்டலத்துக்கு முறை வரும் வருடம் ஊர் ஒரு மாதிரி இருக்கும், வராத வருடம் வேறு மாதிரி. முறை வந்தால் வாய்க்கால் திண்டில் துவைக்கிற பெண்கள், தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற பையன்கள், மடையடியில் நடுராத்திரி வாய்ச்சண்டை. முறை இல்லாத வருடம் மக்காச்சோளம் கதிர் விடுவதற்குள் கிணறு தரை தட்டிவிடும். ஆட்கள் தறிக்குப் போவார்கள். பிறகு பனியன் கம்பெனிக்கு. தொண்ணூறுகளில் விடியற்காலையில் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூர் போகும் கம்பெனி வேன்கள் பால் வண்டியை விட நேரம் தவறாமல் வந்தன. அதே காலத்தில்தான் காற்றாலைகளும் ஒவ்வொன்றாக முளைத்தன. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு விலைக்குக் காத்திருக்கிறவர்கள், பட்டறைமேல் கட்டிலைப் போட்டுப் படுக்காத குறையாகக் காவல் இருந்தார்கள்.

என் வேலை அட்டை அடிப்பது. ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை. ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் இரண்டோ மூன்றோ. டைப்ரைட்டர் உருளையில் அந்தக் கெட்டி அட்டை வழுக்கும். கடைசி வரி கோணிக்கொள்ளும். அடியில் ஒரு ஓட்டை, அதன் வழியாகப் பெட்டி நீளத்துக்கு ஒரு கம்பி ஓடும். பையன்கள் அட்டையை உருவிக்கொண்டு போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆசிரியர் அட்டையும் தலைப்பு அட்டையும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். பொருள் அட்டைதான் மண்டையைக் காய வைக்கும். இன்றைக்கு நான் போடுகிற தலைப்பு, பத்து வருடம் கழித்து வந்து பெட்டியை இழுக்கப் போகிறவன் மனசில் தோன்ற வேண்டும். அவன் யார், எதற்காக வருவான் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பொங்கலூர்க்காரர்கள்தான். ஆகவே அவர்கள் கேட்டால் எப்படிக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அட்டை போட ஆரம்பித்தேன்.

நினைத்ததுதான் தாமதம், கேட்கவும் ஆரம்பித்தார்கள். சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை. 'லைப்ரரிக்காரர்' என்று எனக்குப் பெயர் வைத்தது அந்தக் கடை பெஞ்சுதான். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் மாஸ்டராக இருந்தவர் ஒருநாள் இரண்டு துணித் துண்டை எடுத்து மேசைமேல் போட்டார். ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே நேரம். ஒன்று அடர்ந்த நீலம், இன்னொன்று வெளிறல். "தண்ணி மாத்துனதுல இருந்து இப்படித்தானுங்க. புக்குல ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?" 667இல் இருந்த புத்தகங்கள் உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டன. நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சாயத்தோடு என்ன சண்டை போடுகின்றன என்பதெல்லாம் பத்திரிகைக் கட்டுரைகளில்தான் இருந்தது. அட்டைப் பெட்டிக்குப் பத்திரிகையின் பெயர் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

அதற்கென்று இருந்தவை ஆய்வுச் சுருக்கத் தொகுதிகள். இந்தத் தலைமுறைக்கு அதை விளக்குவதே பெரும்பாடு. உலகம் முழுக்க வெளிவரும் கட்டுரைகளை யாரோ படித்து, ஒவ்வொன்றையும் நாலைந்து வரியில் சுருக்கி, எண் போட்டு, மாதாமாதம் அச்சடிப்பார்கள். வேதியியலுக்கு அமெரிக்காவிலிருந்து 1907 முதல் வந்துகொண்டிருந்தது. ஜவுளிக்கு மான்செஸ்டரிலிருந்து ஒன்று. வருடக் கடைசியில் பொருள் அட்டவணை தனித் தொகுதியாக வரும். அட்டவணையில் எண்ணைப் பிடித்து, எண்ணை வைத்துச் சுருக்கத்தைப் பிடித்து, சுருக்கத்தை வைத்துப் பத்திரிகையைப் பிடிக்க வேண்டும். பத்திரிகை நம்மிடம் இருக்காது. பீளமேட்டில் 1956இலிருந்து இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால் டெல்லியில் இன்ஸ்டாக் என்ற மத்திய அரசு ஆவண மையம். பணம் கட்டினால் நகல் எடுத்து அனுப்புவார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே ஒரு கார்டு போடுவது. ஆய்வாளர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். பிரதி ஒன்று அனுப்பி வைக்கும்படி இரண்டு வரி, கீழே முகவரி. நான் சில சமயம் வீட்டு முகவரியையே கொடுத்துவிடுவேன். ஜெர்மனி ஸ்டாம்பு ஒட்டிய உறை பொங்கலூர்த் தபாலாபீசுக்கு வந்தால் அது என் கைக்கு வருவதற்குள் டீக்கடைக்குச் சேதி போயிருக்கும். ஸ்டாம்பு கேட்டு மூன்று பையன்கள் வாசலில் நிற்பார்கள்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நகல் வந்து சேரும்போது கேட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆனாலும் ஒரு தேடலை மட்டும் சொல்லியாக வேண்டும்.

1999 வாக்கில் ஒரு சாயங்காலம். கிழக்காலத் தோட்டத்து அண்ணன் மஞ்சப்பையைத் திறந்து டீக்கடை பெஞ்சில் குரும்பைகளைக் கொட்டினார். முட்டை அளவில் நாலைந்து, மாங்காய் அளவில் இரண்டு. காம்பை ஒட்டி மேல்மூடி இருக்கிறதல்லவா, அதற்குக் கீழே முக்கோணமாக ஒரு வெளிறிய தழும்பு. கொஞ்சம் பெரிய காயில் அது பழுப்பாகி, வெடித்து, பிசின் வடிந்திருந்தது. காய் ஒரு பக்கமாகக் குறுகிப் போயிருந்தது. மூடியைப் பிய்த்து உள்ளே காட்டினார். வெள்ளையாக மாவு தூவினது மாதிரி ஏதோ இருந்தது.

"தம்பி, தோப்பு முச்சூடும் இப்படிச் சொறி புடிச்சுக் கெடக்குது. பொள்ளாச்சிப் பக்கமும் இதே கதைங்கறாங்க. என்ன கருமம்னு உங்க லைப்ரரில பாத்துட்டு வாங்க."

"பாக்கறனுங்ணா."

எங்கள் கல்லூரி நூலகத்துக்கும் தென்னைக்கும் சம்பந்தமில்லை. விடுப்புப் போட்டுவிட்டு லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். 1906இல் தொடங்கிய விவசாயக் கல்லூரியின் நூலகம் அது. பழைய தொகுதிகள் வரிசை வரிசையாக நிற்கும். பூச்சியியல் சுருக்கத் தொகுதியின் அட்டவணையில் தென்னைக்குக் கீழே பார்த்தால், "கோக்கோஸ் நூசிஃபெராவைப் பார்க்க" என்று இருந்தது. அங்கே போனால் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு, கருந்தலைப் புழு என்று நமக்குத் தெரிந்த எதிரிகள் எல்லோரும் இருந்தார்கள். மூடிக்கு அடியில் குடியிருப்பது யார் என்று தெரியாமல் எந்தப் பெயரில் தேடுவது? சுருக்கங்களையே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். எழுபதுகளின் தொகுதி ஒன்றில் 'குரும்பையின் மூடிக்கு அடியில்' என்ற விவரிப்பு கண்ணில் பட்டது. ஈரியோஃபைட் சிலந்தி. கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு. மெக்சிகோவின் குவெரெரோ மாநிலத்துப் பெயரை வைத்து 1965இல் கீஃபர் என்பவர் அதற்கு நாமகரணம் செய்திருந்தார். ஒரு காலத்துத் தொகுதிகளில் அது ஈரியோஃபைஸ் குவெரெரோனிஸ், இன்னொரு காலத்தில் அசேரியா குவெரெரோனிஸ். ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனவனுக்குப் பாதி சங்கதி கிடைக்காது. இரண்டையும் பிடித்தபிறகு மளமளவென்று வந்தது: மெக்சிகோ, கரீபியன் தீவுகள், பிரேசில், மேற்கு ஆப்பிரிக்கா. கேரளத்தில் அதற்கு முந்தைய வருடம்தான், எர்ணாகுளம் பக்கம், முதன்முதலாகக் கண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியபோது அண்ணன் காத்திருந்தார். நோட்டைப் பிரித்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முப்பது வருடமாக எத்தனையோ தேசத்தில் இது இருக்கிறது, மருந்தடித்து யாருக்கும் பெரிதாகக் கட்டுப்படியாகவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப வெள்ளைக்காரனும் ஒண்ணும் கிழிக்கல."

"இல்லீங்ணா."

"செரி. நம்ம மேல மட்டும் தப்பில்லைன்னு தெரிஞ்சுது. அது போதும்."

வேப்ப மருந்தை வேர் வழியாகக் கட்டும் முறையைப் பல்கலைக்கழகம் பிறகு பரிந்துரைத்தது. அவரும் கட்டிப் பார்த்தார். தோப்பு மெல்லத் தேறியது. இன்றைக்கு இந்தக் கேள்விக்கு லாலி ரோடு வரை போக வேண்டியதில்லை. வேளாண் அறிவியல் நிலையமே பொங்கலூரில் இருக்கிறது.

அவர் கேள்வி கேட்ட விதத்தைப் பல நாள் யோசித்திருக்கிறேன். எந்தப் பயிர், அதில் எந்த இடம், என்ன கேடு, எந்த ஊர், எந்தப் பருவம். டியூவியின் எண் பெரும்பாலும் பயிரோடு நின்றுவிடும். இந்த ஐந்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கோர்க்கலாம் என்று யோசித்தவர் நம் சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜ் கடையில், கம்பியும் திருகாணியும் மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொம்மை செய்யும் மெக்கானோ பெட்டியைப் பார்த்தபோது அவருக்கு அந்த யோசனை தட்டியது. 1933இல் கோலன் பகுப்பு முறை வந்தது. பொருள், அதன் கூறு, வினை, இடம், காலம் என்று துண்டு துண்டாக வைத்து, நடுவில் நிறுத்தக் குறிகளைப் போட்டுக் கோர்ப்பது. எங்கள் கல்லூரி உட்பட நிறைய நூலகங்கள் டியூவியோடேயே நின்றுவிட்டன, ஏனென்றால் அது சுலபம். ஆனால் இன்றைக்கு எந்த நூலகத் தேடல் பக்கத்தைத் திறந்தாலும் இடது ஓரத்தில் வருடம், மொழி, பாடம், இடம் என்று வரிசையாக வடிகட்டிகள் நிற்கின்றன. அந்த யோசனையின் வேர் அவரிடம்தான் இருக்கிறது. தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், நூலகவியல் மாணவர்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த ஐசிஸ் என்ற மென்பொருளில் அட்டைகளை எல்லாம் ஏற்றினோம். அதற்குத் தமிழ் வராது. தமிழ்ப் புத்தகங்களை ஆங்கில எழுத்தில் அடித்தோம், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். பின்னால் தமிழ் எழுத்துரு வந்தபோது ஆளுக்கொரு எழுத்துரு. யூனிகோடு நிலைபெற்ற பிறகுதான் தமிழில் அடித்தால் தமிழில் கிடைத்தது. இந்த அத்தியாயத்தை நீட்ட விரும்பவில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 2000க்குப் பிறகு நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் எங்களை எட்டியது. கூடவே சிற்றூர்க் கல்லூரிக்கும் மின்னிதழ் தந்த என்-லிஸ்ட், நியூசிலாந்தில் பிறந்து நம் கல்லூரிகளில் குடியேறிய கோஹா என்ற நூலக மென்பொருள். 2004இல் கூகுள் ஸ்காலர். 2009 வாக்கில் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஒற்றைப் பெட்டித் தேடல் வந்தது. அதற்கு முன்பு ஒரு சொல்லைக் கொடுத்தால் மென்பொருள் ஒவ்வொரு தரவுத்தளமாகப் போய்க் கேட்டுவிட்டு வரும். அதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். புதியது, பதிப்பகங்களிடமிருந்து விவரங்களை முன்கூட்டியே வாங்கி ஒரே பெரிய அட்டவணையாகக் கட்டி வைத்துக்கொண்டது. கேட்ட மாத்திரத்தில் பதில். 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா என்று மத்திய அரசு ஆரம்பித்திருக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். ஜெர்மனிக்குக் கார்டு போட்ட எனக்கு இது மாயாஜாலம்தான். மறுக்க மாட்டேன்.

எனக்கு ஓய்வு வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். பல்லடம் வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள்தான் விஷயம். அவள் அப்பாவே ஒரு காலத்தில் எட்டுத் தறி ஓட்டியவர். நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் உற்பத்தியாளர்களிடம் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தி வைத்த நாட்கள் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மடிக்கணினியோடு வந்தாள்.

"பெரியப்பா, இதப் பாருங்களேன். மான்செஸ்டர்ல நூறு வருசத்துக்கு முந்தி தறிக்காரனுக்கு என்ன கூலின்னு அக்குவேறா ஆணிவேறா வருது. நம்ம பல்லடத்தப் பத்திக் கேட்டா நாலே நாலு வருது, அதுல ரெண்டு செய்திக் குறிப்பு."

அவள் தேடலில் ஒரு குறையும் இல்லை. எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள், சோமனூர், அவிநாசி, மங்கலம் எல்லாம் பார்த்திருந்தாள். கோளாறு வேறு இடத்தில். அந்தப் பெரிய அட்டவணை, பதிப்பகங்கள் கொடுத்ததைத்தான் வைத்திருக்கிறது. பல்லடத்தைப் பற்றி எழுதியதை யார் கொடுத்தார்கள்? எழுபதுகளிலிருந்து கோவை, திருப்பூர்க் கல்லூரிகளில் பொருளியல், வணிகவியல் துறைகளில் படித்த பிள்ளைகள் எம்.பில். பட்டத்துக்கு எழுதிக் கொடுத்தவை எத்தனையோ. தறிக்கூலி, நூல் விலை, பி.ஏ.பி. கடைமடைத் தகராறு, கறிக்கோழி ஒப்பந்தம், பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள். எங்கள் ஊர் வீட்டு வாசலில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டு போன பையன்களை நானே பார்த்திருக்கிறேன், மோர் கொடுத்திருக்கிறோம். அவையெல்லாம் தட்டச்சாகி, கெட்டி அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்தோடு துறை அலுவலகத்து இரும்பு பீரோவில் இருக்கின்றன. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு 2009 பல்கலைக்கழக மானியக் குழு விதிக்குப் பிறகு சோத்கங்கா என்ற களஞ்சியம் வந்தது. புதியவை பெரும்பாலும் அதில் கிடைக்கும். எம்.பில். ஏடுகளை அந்த மாதிரி யாரும் முறையாகச் சேகரிக்கவில்லை. அந்தப் பட்டத்தையே நிறுத்தியாகிவிட்டது.

தூரத்துச் சங்கதி பக்கத்தில் வந்தபோது பக்கத்துச் சங்கதி தூரம் போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். எனக்குக் கோபம் மென்பொருள்மேல் இல்லை. கோஹாவில் ஒரு பதிவு போடப் பத்து நிமிஷம் ஆகும். ஆசிரியர், தலைப்பு, வருடம், பாடம், இடம். காசு கிடையாது, பதிப்பக அனுமதி கிடையாது. அட்டை அடித்த காலத்தில் ஆய்வேட்டுக்கும் ஓர் அட்டை போட்டுக்கொண்டிருந்தோம், நானே போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு மாறும்போது 'புத்தகம் மட்டும் முதலில்' என்று பல கல்லூரிகளில் ஆரம்பித்தார்கள். அந்த 'முதலில்' முடிந்து இரண்டாவது வரவேயில்லை. அட்டைகள் துண்டுச் சீட்டாகிப் போயின. இருப்பதை இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், பத்தாயிரம் கோடி கொட்டினாலும் பெட்டிக்குள் மான்செஸ்டர்தான் வரும்.

எனக்கு நினைவிருந்த அட்டைகளை வைத்துத் துறைப் பெயரும் தோராயமான வருடமும் எழுதிக் கொடுத்தேன். அவள் இரண்டு கல்லூரிகளில் ஏறி இறங்கினாள். ஒன்றில் துறைத் தலைவர் பீரோவையே திறந்துவிட்டு நாற்காலியும் போட்டுக் கொடுத்தாராம். தலைப்புப் பக்கங்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். அதில் ஒன்று, பொங்கலூர் ஒன்றியத்தில் தறியும் தோட்டமும் சேர்ந்து இருக்கும் குடும்பங்களைப் பற்றியது. அவள் அப்பா மாதிரியே எட்டுத் தறிக்காரர் ஒருவரின் வரவு செலவு பக்கம் பக்கமாக இருந்தது. பாவு ஓட்டுகிற கூலி, கரண்ட் பில், நாடாக் கட்டைக்கு ஆன செலவு வரைக்கும்.

"பெரியப்பா, இதையெல்லாம் நானே கோஹாவுல ஏத்திக் கொடுத்தா ஒத்துக்குவாங்களாங்க?"

"கேட்டுப் பாரு கண்ணு. ஏன் ஒத்துக்க மாட்டாங்க?"

"இடம்னு ஒரு கட்டம் இருக்குதுல்லங்க, அதுல திருப்பூர்னு போட்டாப் போதுமா?"

"திருப்பூர்னு போட்டா பனியன்தான் வரும். பொங்கலூர்னு தனியாப் போடு. ஆங்கிலத்துல ரெண்டு எழுத்துக்கூட்டலும் போடு, தமிழ்லயும் போடு."

முதல் கல்லூரியில் சரி என்றுவிட்டார்கள். இந்தக் கோடை விடுமுறையில் ஆரம்பிக்கிறாள். இரண்டாவது கல்லூரியிலும் நூலகர் தங்கமானவர், சம்மதம்தான், பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறார். அங்கே பீரோச் சாவியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.